கல்லுளி கண்ணாடி அறைக்குப் போன கதை

அவளுக்குக் கல்லுளி என்று பெயர் வைத்தவள் நான்தான். கல்லுளிமங்கி என்பதன் சுருக்கம். திட்டினாலும் பேசமாட்டாள், புகழ்ந்தாலும் பேசமாட்டாள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் கிணற்றில் போட்ட கல்தான்; விழுந்த சத்தம்கூடக் கேட்காது. நான் நேர் எதிர். என் வாய்க்குப் பூட்டுச் செய்ய இன்னும் ஆள் பிறக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் ஒரே மெஷினில் ஜோடியாக நிற்க வைத்தார்கள். பல வருஷம் நின்றோம். அவளுக்கும் சேர்த்து நான் பேசினேன், எனக்கும் சேர்த்து அவள் சும்மா இருந்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

எங்களுக்குச் சலவைக் கூடத்தில் வேலை. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக வரும். பின்பக்கம் துவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு தள்ளுவண்டியில் எங்களிடம் அனுப்புவார்கள். எங்களுடையது ரோலர். கட்டில் அகலத்தைவிட நீளமான, சூடேறிய உருளை. விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, உதறி, ஓடும் பட்டையின்மேல் சுருக்கமில்லாமல் வைக்கவேண்டும். அது உருளைக்கு அடியில் போய் அந்தப் பக்கம் காய்ந்து, தேய்த்த துணியாக வெளியே வரும். இடது முனை கல்லுளி, வலது முனை நான். கொஞ்ச வருஷம் இந்த வேலை பார்த்தால் விரல்நுனி மரத்துப்போய்விடும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் டீ டம்ளரை வெறும் கையால் பிடித்துக்கொண்டு கதை பேசுவோம். புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை பட்டால் போதும், மெஷின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கம்பிக்குக் கைக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாது. விரிப்பின் தடித்த ஓரம் இடித்தாலும் நிற்கும், தலையணை உறை சுருண்டு முட்டினாலும் நிற்கும். நின்றால் உள்ளே மாட்டிய விரிப்பு பழுப்பேறிவிடும், அதற்கு ஒரு திட்டு. மறுபடி ஓட வைக்கச் சுவர்ப்பக்கம் போய் சுவிட்சைப் போடவேண்டும், அதற்குள் ஈரத்துணி குவிந்துவிடும், அதற்கு ஒரு திட்டு. அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து நாடா கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவோம். முடிச்சு என் பக்கம். கட்டக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். சுவரில் எழுதியதை யார் படித்தார்கள்!

சூப்பர்வைசர் கண்ணில் படாமல் இருக்கவேண்டுமே, அதற்குத்தான் துண்டு. கூடத்தின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. வியர்வை துடைக்க எல்லோர் தோளிலும் ஒரு துண்டு இருக்கும். குனியும்போது விழாமலிருக்க, மேலங்கியின் தோள்பட்டிக்குள் அதன் ஒரு முனையைச் செருகிக்கொள்வோம். சூப்பர்வைசர் உட்காரும் கண்ணாடி அறையின் கதவு திறப்பதை யார் முதலில் பார்க்கிறாளோ, அவள் துண்டை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் செருகுவாள். அதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அடுத்தவள். சூப்பர்வைசர் நாலடி வைப்பதற்குள் கூடம் முழுக்கத் துண்டு வலது தோளுக்கு வந்துவிடும். செல்போன்கள் பைக்குள் போய்விடும், என் முடிச்சும் அவிழ்ந்துவிடும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க, எங்கள் பூனைக்கு மணி கட்டியவள் கல்லுளி. அந்த யோசனை அவளுடையது. வாயைத் திறக்காதவளுக்கு வாய் தேவைப்படாத யோசனைதானே வரும்.

போன வருஷம் அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், தேய்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்துவிட்டார். நான் ஓடியபோது அவள் அவருடைய பிரஷ்ஷைக் கழுவி டம்ளரில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். இவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, "அடுப்புல பால் இருக்கு, பொங்கிடப் போகுது பாரு" என்றாள். வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெஞ்சழுத்தக்காரி என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். சாவு வீடென்றும் பார்க்காமல், அப்படிச் சொன்னவளை நான் வறுத்தெடுத்துவிட்டேன்.

மறுபடி வேலைக்கு வந்தபோதும் அப்படியேதான் இருந்தாள். விரிப்பைப் பிடித்தாள், உதறினாள், வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து, இருந்ததைத் தின்று, மூடினாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். குளியலறை டம்ளரில் இரண்டு பிரஷ் இருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"எடுத்துப் போட்டுடேன்" என்றேன்.

"போடணும்" என்றாள். "போடணும்னு தோணல. வச்சிருக்கணும்னும் தோணல. இருக்குது, இருக்கட்டும்."

அவள் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. விரல்நுனி மரத்துப்போவதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆள் முழுக்க மரத்துப்போனால் யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் பழைய சூப்பர்வைசர் வேறு ஊருக்குப் போனார். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட்டு. ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும். அவர் கல்லுளியைக் கூப்பிட்டு, "உங்களையே சூப்பர்வைசரா போடலாம்னு இருக்கோம், என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். இவள் சரி என்றாள். அவ்வளவுதான், வேறு வார்த்தை கிடையாது. வாசலில் நின்று ஒட்டுக்கேட்ட நானே சாட்சி.

"என்னடி, ஒரு சந்தோஷம் வேணாமா?" என்று கேட்டேன்.

"இருக்கணும்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"பின்ன எதுக்குடி சரின்ன?"

"வேணாம்னு சொல்லவும் எதுவும் தோணல."

முதல் நாள் அவள் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். எங்களிடமிருந்து பார்த்தால், கடையில் காட்சிக்கு வைத்த சாமான் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். உறை மடிக்கிறவள் முதலில் பார்த்துத் துண்டை மாற்றினாள். அடுத்தவள் மாற்றினாள். துண்டுகள் வரிசையாக மாறிக்கொண்டு வந்தன. கல்லுளி அதைப் பார்த்தாள். பார்த்தவள், சட்டென்று தன் துண்டையும் இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து, பக்கத்தில் இருந்த காலி வண்டியை வேகமாகத் தள்ள ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் வருகிறாராம், இவள் வேலை செய்கிறாளாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு அவள் நின்றாள். யாருக்குப் பயந்து குனிந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் போய் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டாள்.

என் இடது முனைக்கு என் நாத்தனாரைப் போட்டார்கள். தையல் கடையில் இருந்தவள், நல்ல கை. ஆனால் கல்லுளியோடு நின்றபோது எப்போது உதறவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. இவளிடம் தலையாட்டிச் சொல்லவேண்டியிருந்தது. எல்லோரும் கல்லுளியை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த வார்த்தை தொண்டையை விட்டு வரவில்லை. பழையபடி வாடி போடி என்றால் மற்றவர்கள் முறைத்தார்கள். அதனால் எப்படியும் கூப்பிடாமல், மொட்டையாகப் பேச ஆரம்பித்தேன். எனக்குப் பொறாமை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பொறாமை இல்லை. கோபம். என்னைத் தனியாக விட்டுவிட்டு, அங்கேயும் போய்ச் சந்தோஷமாக இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்ற கோபம்.

ஒருநாள் டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கம்பியைக் கட்டாதே" என்றாள்.

"யாரு கட்டினா? நீ வர்றப்ப கட்டியிருந்ததா?"

பாம்பின் கால் பாம்பறியும். அவள் கம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் என்னோட சேர்ந்து கட்டினவதானே நீ? அங்க போய் உக்காந்த உடனே கம்பி கண்ணுக்குத் தெரியுதாக்கும்?"

"அங்கேருந்து தெரியுது" என்றாள். "உன் கை எவ்ளோ கிட்டப் போகுதுன்னு தெரியுது. பக்கத்துல நின்னப்ப தெரியல."

"சரிங்க மேடம்" என்றேன். அந்த வார்த்தையை அப்போதுதான் முதல்தடவை சொன்னேன், அவளுக்குக் குத்தவேண்டும் என்று. குத்தியதா என்று தெரியவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே சட்டம்தான். அன்றைக்குக் கம்பியைக் கட்டும்போது ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டேன். நாத்தனார், "எதுக்கு அண்ணி ரெண்டு?" என்றாள். "இருக்கட்டும்" என்றேன்.

மத்தியானம் கண்ணாடி அறையின் கதவு திறந்தது. துண்டுகள் மாறின. நானும் என் துண்டைப் பிடுங்கி வலது தோளில் செருகினேன். முடிச்சு வலது கோடியில், உருளைக்கு ஒட்டி இருந்தது. வழக்கமாக ஒரு இழுப்பில் வந்துவிடும். அன்றைக்கு முதல் முடிச்சு வந்தது, இரண்டாவது வரவில்லை. இன்னும் குனிந்தேன். தோளிலிருந்து தொங்கிய துண்டின் நுனி ஓடும் பட்டைமேல் விழுந்தது. நான் பார்க்கவில்லை. தோளை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. நாத்தனார்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

துண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. மற்ற முனை என் தோள்பட்டிக்குள் இறுகியிருந்தது. கம்பி மேலே கட்டியிருந்தது, மெஷின் நிற்காது. ஒரு கையைப் பட்டைமேல் ஊன்றி எதிர்த்துத் தள்ளினேன். முகத்தில் அனல் அடித்தது. தலையைத் திருப்பினால் கல்லுளி தெரிந்தாள். கண்ணாடி அறைக்கும் எனக்கும் நடுவே, என்னைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓடினாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நாத்தனார் என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே அலறினாள். மேலங்கி கிழியும் சத்தம் கேட்டது. முழங்கைக்குக் கீழே ஏதோ பட்டது, சுட்டது என்றுகூடத் தோன்றவில்லை. திடீரென்று உருளை நின்றது. கூடத்தில் இருந்த அத்தனை மெஷினும் நின்றன. அப்படி ஒரு அமைதியை நான் அந்த இடத்தில் கேட்டதே இல்லை. கண்ணாடி அறையை ஒட்டிய சுவரில், கூடம் முழுவதையும் நிறுத்தும் பெரிய சிவப்பு சுவிட்சின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு கல்லுளி நின்றாள். எல்லாம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

சென்ட்டு வந்தார். என் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெந்திருந்தது, அவ்வளவுதான். அவர் பெருமூச்சு விட்டார். "துண்டு மாட்டிக்கிச்சு, மெஷினை நிறுத்திட்டாங்க, பெருசா ஒண்ணும் ஆகல. இத இத்தோட விட்டுருவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

"கம்பி கட்டியிருந்துச்சு" என்றாள் கல்லுளி.

வருஷக்கணக்காகப் பேசாதவள் பேசுகிறாள், அதுவும் இதை.

"யாரு கட்டினா?" என்றார் சென்ட்டு, வேண்டா வெறுப்பாக.

"இவதான்" என்று என்னைக் காட்டினாள். "இதுக்கு முன்னாடி நானும் சேர்ந்து கட்டினேன். எல்லா ரோலர்லயும் கட்டுறோம். துண்டை மாத்துறது அதுக்குத்தான். அந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்ததும் நான்தான். இப்ப விட்டா நாளைக்கும் கட்டுவோம்."

சொன்ன பிறகு விடமுடியாதே. எனக்கு ஒரு வாரம் வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது என்றார்கள். அவளுக்கு ஓர் எச்சரிக்கை. இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் சூப்பர்வைசர் வேலையும் போகும், மெஷின் வேலையும் போகும் என்றார்கள். சரி என்றாள். நான் அவளைப் பார்க்காமல் கிழிந்த மேலங்கியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் நிற்கவில்லை. கோபம் போன இடத்தில் வேறெதுவும் வந்து உட்காரவில்லை. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கெல்லாம் ஊம் என்றேன். அவர் பயந்துபோய், உனக்கு என்ன ஆச்சு, ஏதாவது திட்டேன் என்றார். கட்டைப் பிரித்துக் கையைப் பார்ப்பேன். முதுகைக் காட்டி ஓடியவள்தான் ஞாபகத்துக்கு வருவாள். நான் கத்தினேன், அவள் திரும்பி ஓடினாள். அதுவே திரும்பத் திரும்ப வந்தது. சுவிட்சுக்குத்தான் ஓடினாள், அதனால்தான் கை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? நான் பார்த்தது அவள் முதுகைத்தானே. ஒருநாளாவது வந்து எட்டிப் பார்த்தாளா என்றால், அதுவும் இல்லை.

நாத்தனார் சாயங்காலம் வேலை முடிந்து வந்து செய்தி சொல்வாள். "யாரும் துண்டு போடக்கூடாதாம் அண்ணி. எல்லாத்தையும் கழட்டி கண்ணாடி ரூம்ல மாட்டியாச்சு. கடை மாதிரி தொங்குது." இன்னொரு நாள், "நாற்காலியைத் தூக்கிட்டு வந்து சிவப்பு சுவிட்சுகிட்ட போட்டுக்கிட்டாங்க. நாள் பூரா அங்கதான்." இன்னொரு நாள், "ரோலர் சும்மா சும்மா நிக்குது. பழுப்பேறின பெட்ஷீட்டெல்லாம் தூக்கிட்டு வந்து மேனேஜர் கத்துறாரு. அவங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. கடைசியில அவரே அலுத்துப்போய் போயிடுறாரு. எங்களை ஒரு வார்த்தை திட்ட விடல."

திட்டு வாங்குவதற்குக் கல்லுளியைவிடத் தோதான ஆள் கிடைக்காது. அது எனக்கு அப்போதுதான் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

வாரம் முடிந்து வேலைக்குப் போனேன். புது மேலங்கி கொடுத்தார்கள், தோளில் பட்டி இல்லை, வெட்டித் தைத்திருந்தது. என் இடத்தில் நின்றேன். நாத்தனாரும் நானும் இரண்டு விரிப்பு விட்டோம். மூன்றாவதின் தடித்த ஓரம் கம்பியை இடித்தது. ரோலர் நின்றது. சுவர்ப்பக்கம் நாற்காலி நகர்வதைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்துகொண்டிருந்தாள். என் கை தானாகவே இடது தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவளைப் பார்த்தேன். அவள் கையும் அவள் தோளில் இருந்தது. இருவரும் கையை இறக்கிக்கொண்டோம்.

நாத்தனார், "தண்ணி குடிச்சிட்டு வர்றேன் அண்ணி" என்று நழுவிவிட்டாள். விவரமானவள்.

கல்லுளி, மாட்டியிருந்த விரிப்பை மெதுவாக உருவினாள். பழுப்புக்கோடு விழுந்திருந்தது. மடித்து ஓரமாகப் போட்டாள்.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

பேசக்கூடாது என்றுதான் போயிருந்தேன். என் வாய் என் பேச்சைக் கேட்டால்தானே. "மாட்டிவிட்டியே, அது கூடப் பரவாயில்ல" என்றேன். "நான் கத்துறேன், நீ முதுகைக் காட்டிட்டு ஓடுறே. இத்தனை வருஷம் எதிர்ல நின்னவடி நான்."

அவள் கம்பியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். நானும் விட்டுவிட்டேன். நான் அடுத்த விரிப்பை வண்டியிலிருந்து எடுத்தபோதுதான் பேசினாள்.

"என் காலு உன் பக்கம்தான் திரும்புச்சு" என்றாள். "ஓடி வந்து உன்னைப் பிடிச்சிருப்பேன். பிடிச்சு என்ன, ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டு நின்னிருப்போம். மெஷின் நின்னிருக்காது. காலைப் பிடுங்கி எடுத்துக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போனேன். போறப்ப நீ கத்துறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

நான் விரிப்பின் வலது முனையைத் தேடிப் பிடித்தேன்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். நிறுத்த முடியல. அவருக்கும் சேர்த்து வந்துச்சு. பிரஷ்ஷை எடுத்துப் போட்டுட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் மறுபடியும் ஒண்ணும் தெரியல. இப்பவும் தெரியல. ஆனா அன்னிக்கு பயந்தேன். நல்லா பயந்தேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. விலாசம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "ஒரு வாரமா வந்து எட்டிப் பார்க்கலியே" என்றேன்.

"சுவிட்சை விட்டுட்டு வர பயமா இருந்துச்சு" என்றாள். சாயங்காலம் சுவிட்சுக்கு என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

விரிப்பின் வலது முனை என் கையில் இருந்தது. இடது முனை கீழே தொங்கியது. அவள் அதை எடுத்தாள். யாரும் தலையாட்டவில்லை, இருவரும் ஒரே நேரத்தில் உதறினோம். அவள் போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தாள். பட்டை ஓடியது. வைத்தோம். எதுவும் இடிக்காமல் உள்ளே போனது. நாத்தனார் திரும்பி வந்ததும் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, கல்லுளி தன் நாற்காலிக்குப் போனாள்.

அடுத்த விரிப்பை எடுத்தோம். ஓரத்தை உள்ளே தள்ள என் கை பழக்கத்தில் உருளைக்குக் கிட்டப் போனது. நிமிர்ந்து பார்த்தேன். சுவிட்சின் பக்கத்தில் உட்கார்ந்தபடி அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டேன்.